நெல் தூக்கும் மோட்டாரின் மின்கசிவும் நான் ஒப்பமிட்ட பொய் வாக்குமூலமும்

அனுப்புநர்
சொ. பூதத்தான்,
உரிமம் பெற்ற வயர்மேன்,
ஆற்றங்கரைத் தெரு, சீவலப்பேரி,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மின் ஆய்வாளர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: அரிசி ஆலையில் கோமு என்பவர் மின்சாரம் தாக்கி இறந்தது – என் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுதல் – மோட்டார்களைச் சோதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள புழுங்கல் அரிசி ஆலையில் பதினோரு ஆண்டுகளாக மின்பணியாளராக இருக்கிறேன். 27.02.1996 செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, அங்கே கூலிவேலை பார்த்த கோமு என்ற பெண், வயது 41, நெல் தூக்கும் எலிவேட்டரின் குழியருகே மின்சாரம் தாக்கி இறந்தார். ஈரக்கையால் சுவிட்சைத் தொட்டதே காரணம் என்று ஆலைத் தரப்பில் தங்களிடம் கொடுத்துள்ள வாக்குமூலத்தில் சாட்சியாக ஒப்பமிட்டவன் நான். அது பொய். அவர் சுவிட்சின் பக்கமே போகவில்லை.

2. ஆலையின் பேனலில் மின்கசிவைக் கண்டறிந்து தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்று உண்டு. பிப்ரவரி இரண்டாம் வாரம் முதல் அது நாளுக்கு மூன்று, நான்கு முறை ஆலையை நிறுத்தியது. எங்கோ ஒரு மோட்டாரின் கம்பிச்சுருளில் காப்பு (இன்சுலேஷன்) கெட்டுவிட்டது என்று மேலாளரிடம் சொன்னேன். பிசான அறுவடை நேரம். அவித்த நெல் தொட்டியில் புளித்துக்கொண்டிருந்தது. "ஏலே, அந்தப் பெட்டியால தானல தொல்ல? அதத் தாண்டி நேரா லைனக் குடு. அறுப்பு முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். அன்றே அப்படிச் செய்தேன். அதன்பின் ஆலை ஒருமுறைகூட நிற்கவில்லை.

3. ஒவ்வொரு மோட்டாராக நிறுத்தி, காப்பை அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். மெக்கர் என் பெட்டியிலேயே இருந்தது. ஆலையை நிறுத்த அனுமதி இல்லை. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

4. இதை எழுதாமல் இம்மனுவை முடிக்க முடியாது. இறப்பதற்கு இரண்டு நாள் முன் கோமு என்னிடம் வந்து, "அண்ணாச்சி, எலிவேட்டர் மோட்டாரத் தொட்டா எறும்பு கடிச்சாப்புல இருக்கு" என்றார். தொடாதே என்றேன். "அதப் புடிக்காம குழிக்குள்ள எப்படி எறங்க? சிந்துன நெல்ல யாரு அள்ளுவா?" என்று கேட்டார். பிறகு பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பார்க்கவில்லை.

5. அன்று அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கைவிரல்கள் நெல்லோடு மூடியிருந்தன. மாலையில் அந்த மோட்டாரை அளந்தேன். மெக்கரின் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை; காப்பு அடியோடு போயிருந்தது. அதன் எர்த் கம்பி நீராவியில் அரித்து அறுந்திருந்தது. தாங்கள் ஆய்வுக்கு வருமுன் மேலாளர் சொற்படி கம்பியையும் மாற்றி, கருவியையும் பழையபடி இணைத்தேன். அதனால்தான் தங்கள் ஆய்வில் குறையேதும் தென்படவில்லை. தாங்கள் சென்ற பின், கருவி மீண்டும் ஆலையை நிறுத்தவே, மறுபடியும் என்னைக் கொண்டே அதன் இணைப்பைத் துண்டித்தார்கள். மோட்டார் இன்னும் புதுச் சுருள் கட்ட ரீவைண்டிங்குக்குப் போகவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாய்ப் போட்ட எர்த் கம்பியும் அந்த நீராவியில் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது.

6. நேற்று முன்தினம் கோமுவின் பதினாறாம் நாள். ஊரார் நடுவே அவர் கணவர் சொரிமுத்து, "அவ கவனமில்லாமத் தொட்டுட்டா, யாரக் கொற சொல்ல?" என்றார். இருபது வருடம் அந்தக் குழியில் இறங்கி ஏறியவரைக் கவனமில்லாதவர் என்று சொல்ல அவருக்குக் கற்றுக்கொடுத்தது என் ஒப்பம். இலையில் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

7. ஆகவே, என் வாக்குமூலத்தை ரத்து செய்து, இறந்தவர்மேல் பிழையில்லை என்று பதிவு செய்யவும், முன்னறிவிப்பின்றி வந்து எல்லா மோட்டார்களின் காப்பையும் தங்கள் முன்னிலையில் அளக்கவும் வேண்டுகிறேன். என் உரிமத்தை இத்துடன் இணைத்துள்ளேன். என்மேல் எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.

8. விசாரணைக்கு நாளாகும் என்றால், அந்த ஒரு மோட்டாரையாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் நிறுத்த உத்தரவிடுங்கள், ஐயா. கோமுவின் மகள் வடிவம்மாள், வயது 19, தாய் பார்த்த அதே வேலைக்குத் திங்கட்கிழமை காலை வருகிறாள்.

இடம்: சீவலப்பேரி
நாள்: 15.03.1996

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
சொ. பூதத்தான்