எத்தியேனிடம் சொன்ன பொய்

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
21 ஒக்டோபர் 2007

அன்பு மகள் அனோஜினிக்கு,

நீயும் உன் கணவர் எத்தியேனும் மாதாவின் காவலில் சுகமாக இருக்க மன்றாடிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறையில்லை. எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் மூன்று கிழமையாக ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மெட்ரோவில் இறங்க வேண்டிய இடத்தை விட்டு அடுத்ததில் இறங்குகிறேன், அம்மா ஜான்-டலோன் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்க அனுப்பினால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வெறும் பையோடு வருகிறேன். மூன்று வருடம் கதைக்காமல் இருந்த மனிதன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பாய், பொறுமையாக வாசி பிள்ளை.

போன மாதம் கோயில் ஆட்களோடு பிரான்சுக்கு லூர்து மாதாவிடம் போனேன், அம்மா நடக்க ஏலாது என்று நின்றுவிட்டா. திரும்பும் வழியில் லிமோசின் பக்கம் ஒரு நாள் பழைய கோயில்களும் கைவேலைப் பட்டறைகளும் காட்டுவார்கள் என்று பயணத்தாளில் இருந்தது, கடைசி வரியில் மட்பாண்டப் பட்டறை, உன் ஊரின் பெயர். அம்மா உன்னோடு ரெலிபோனில் கதைக்கும்போது அடுத்த அறையிலிருந்து கேட்டு வைத்திருந்த பெயர். அதைப் பார்த்துத்தான் பயணத்துக்குப் பதிந்தேன், ஒருவருக்கும் சொல்லவில்லை. காலையில் கம்பளம் நெய்யும் இடம், அங்கே நெய்கிறவர்கள் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நெய்கிறார்கள், தறியை விட்டு இறக்கினால்தான் முன்பக்கத்தை முழுதாகக் காண்பார்களாம். பிறகு ஒரு பழைய கற்கோயில், எல்லாரும் தூணில் செதுக்கியிருந்த உருவங்களை அண்ணாந்து பார்க்க நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று மணிக்கு உங்கள் மட்பாண்டப் பட்டறை. நீ வெளியே போயிருந்தாய், எத்தியேன் முழங்கை வரை மண்ணோடு எங்களுக்குச் சக்கரத்தில் தண்ணீர் வைக்கும் கூசா ஒன்று செய்து காட்டினார். மொன்றியலிலிருந்து வருகிறோம் என்றதும் முகம் மலர்ந்து, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "என்ர மனுசியின்ர தாய் தகப்பனும் அங்கைதான், மிசியே வலன்ரைனைத் தெரியுமோ" என்று பிரெஞ்சில் கேட்டார். என் படம் ஒன்றும் உன்னிடம் இல்லைப்போலும். வந்த பதினெட்டுப் பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தெரியாது என்றேன். "பெரிய நகரம்தானே" என்று அவர் சிரித்துவிட்டு, நீ செய்தது என்று ஒரு கோப்பையை என் கையில் தந்தார். திருப்பிப் பார்த்தால் அடியில் தமிழில் 'அ' என்று கீறியிருந்தாய். தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் திரேசம்மா அக்கா பின்னாலிருந்து, "சேவல் கூவ முந்திச் சீடர் இராயப்பரும் ஆண்டவரைத் தெரியாதெண்டுதான் சொன்னவர் தம்பி, இங்கை சேவல் ஒண்டுதான் கூவேல்லை" என்றா.

நேற்றுத்தான் அம்மாவிடம் சொன்னேன். ஏசுவா என்று பார்த்தேன், ஏசவில்லை. "போனிலை எண்டால் நீங்கள் கத்துவியள், இருந்து எழுதுங்கோ" என்று தாளை எடுத்து வைத்தா. இதற்குள் நாலு தரம் எழும்பி ஜன்னலடிக்குப் போய்விட்டேன். கோயிலில் கலியாணம் கட்டவில்லை என்று அன்று கத்திவிட்டு, நீ சொல்ல வந்ததைக் கேட்காமல் போனை வைத்தது பிழை. ஒரு பாவமும் அறியாத அந்த மனிதனின் முகத்தைப் பார்த்து நான் சொன்னது அதைவிடப் பெரிய பிழை.

எங்கள் வேலைத்தலம் மார்கழியில் நத்தாருக்குப் பத்து நாள் பூட்டு. வா என்றால் அம்மாவும் நானும் வருவோம். வேண்டாம் என்றால் அதை அம்மாவிடம் சொல்லாதே, எனக்கே சொல். இதை எத்தியேனுக்கு வாசித்துக் காட்டு, ஆனால் எனக்காக நீ மன்னிப்புக் கேட்காதே. அதற்கான பிரெஞ்சுச் சொற்களை வேலைத்தலத்தில் பெட்டிகளுக்கு நடுவே நின்று சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டவர் உங்கள் இருவரின் கைகளையும் ஆசீர்வதிப்பாராக. சூளையடியில் நிற்கும்போது தலைமயிரை இறுக்கிக் கட்டிக்கொள். சனிக்கிழமை அம்மா போன் எடுக்கும்போது உடனே வைத்துவிடாதே, பக்கத்தில் நானும் நிற்பேன்.

உன் அப்பா
வலன்ரைன்