எங்கள் கூடையிலேயே விழுந்த பந்து

ஆகஸ்ட் 4, திங்கள்

கூடைப்பந்தில் இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும். ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். நேற்று இறுதி ஆட்டத்தில் பந்து கைக்கு வந்ததும் அந்த அறிவெல்லாம் எங்கே போனதோ! யாருமே தடுக்கவில்லையே, என்ன அதிர்ஷ்டம் என்று ஓடிப்போய் எங்கள் கூடையிலேயே போட்டேன். அழகாக விழுந்தது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

வெள்ளிக்கிழமை அணிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். போதும் இந்த ஆட்டம்.

ஆகஸ்ட் 5

என் பெயர் இனி 'சேம் சைடு'. பள்ளி வாட்ச்மேன் கூடச் சிரிக்கிறார்.

ஆகஸ்ட் 6, புதன்

குளியலறைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. "தண்டம்! உன்னால எல்லார் மானமும் போச்சு. எதுக்குடி லாயக்கு நீ?" குழாயைத் திறந்துவிட்டுத்தான் திட்டினேன். வெளியே வந்தால் வாயில் பிரஷ்ஷோடு தங்கை.

"யாருக்கா போன்ல? பாவம், அழுதிருப்பாங்க."

"கூட விளையாடுற பொண்ணு. போடி."

அழுதது உண்மைதான்.

ஆகஸ்ட் 7

போன மாதம் எங்கள் கேப்டன் ஒட்டகம் (உயரத்தால் வந்த பெயர்) கடைசி நொடியில் கோட்டைவிட்டபோது நான் என்ன சொன்னேன்? "விடுடி, யானைக்கும் அடி சறுக்கும். வா, சாப்பிடலாம்." ஒட்டகத்துக்கு யானைப் பழமொழி! அழுதுகொண்டே சிரித்தாள்.

அவளைத் தண்டம் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அப்புறம் எனக்கு மட்டும் ஏன் — எனக்கு நானே மாற்றாந்தாயா?

ஆகஸ்ட் 8, வெள்ளி

சட்டையைத் துவைத்து மடித்து எடுத்துப்போனேன். கொடுக்கப் போனவள் ஒட்டகத்திடம் உளறிவிட்டேன். "ரொம்பக் கஷ்டமா இருக்குடி. தினமும் என்னையே திட்டிக்கிறேன்."

"எனக்கும் அன்னிக்கு அப்படித்தான் இருந்துச்சு. நீ சாப்பிடக் கூப்பிட்டியே, அதனாலதான் மறுநாள் வந்தேன்."

சட்டையைப் பிரித்துப் போட்டுக்கொண்டேன். இஸ்திரி போட்டது வீண்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பயிற்சி ஆட்டம். இடைவேளைக்குப் பிறகு என் கைக்குப் பந்து வந்ததும் அணியே கத்தியது: "அந்தப் பக்கம்!" சரியான கூடைக்குத்தான் போட்டேன். விழவில்லை.

வீட்டில் கண்ணாடி முன் நின்றேன். பழக்க தோஷம், 'தண்ட' வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "விடுடி. பக்கமாவது சரியா இருந்துச்சே. வா, சாப்பிடலாம்."

வெளியே தங்கை. "இன்னிக்கு யாருக்கா?"

"அதே பொண்ணுதான்."

"சமாதானம் ஆயிட்டீங்களா?"

"ஆயிட்டு வர்றோம்" என்றேன்.