வெள்ளைக் கார் வரும்போது

என்னங்க,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

நாய்க்குட்டியை வாங்கித் தந்துவிட்டு, ஆறே வாரத்தில் வேலை வேலையென்று வெளியூர் கிளம்பிவிட்டீர்கள். நீங்கள் ஏறிப்போனது வெள்ளைக் கார். அன்றிலிருந்து எந்த வெள்ளைக் காரைக் கண்டாலும் நீங்கள்தான் என்று நாய் சாலையில் பாய்கிறது. ஒரு கையில் அதன் வார், மறுகையில் உங்கள் மகள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது. போனில் புலம்பினால், "பொறுமையா பழக்கும்மா" என்கிறீர்கள். உங்களுக்கென்ன!

பழக்கினேன். நடைபாதை ஓரம் வந்ததும் "உட்காரு" என்பேன். உட்கார்ந்தால் ஒரு பிஸ்கட். பாப்பாவும் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் பங்கை வாங்கிக்கொள்வாள்.

இன்று மாலை ஒரு வெள்ளைக் கார் வந்தது. நாய் முதல்முறையாக அசையாமல் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிஸ்கட் எடுக்க மகளின் கையை விட்டேன். அவள் "அப்பா!" என்று கத்திக்கொண்டு சாலைக்குள் ஓடிவிட்டாள்.

கார் ஒரு முழம் தள்ளி நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கி, "பிள்ளைய விட்டுட்டு நாயைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியேம்மா!" என்றார். பாப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவரு இல்லம்மா" என்றாள்.

பொறுமையாக இரு என்று அவளிடம் நான் எதைக் காட்டிச் சொல்வது? போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

இன்னும் படபடப்பு அடங்காத
உங்கள் மனைவி