சோப்பு வைத்த சிப்பி

ஜூலை 5, 2025

ஸ்பெயினிலிருந்து பார்சல். என் வீட்டுக்காரி பிளாரன்ஸ் கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள். பிரித்தால் ஒரு சிப்பி. உள்ளங்கை அகலம், முதுகில் சிவப்புச் சிலுவை, கழுத்தில் மாட்டக் கயிறு. வேறொன்றும் இல்லை.

முத்துக் குளித்த ஊருக்குச் சிப்பி அனுப்புகிற பிள்ளை எங்கள் கிளாட்வின் ஒருவன்தான். "உப்பு அனுப்பாம விட்டானேன்னு சந்தோசப்படுங்க" என்றாள் பிளாரன்ஸ்.

புதுக் குளியலறையில் சோப்பு வைக்க ஒன்றுமில்லாமல் இருந்தது. கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

நான் ஒரு மடையன். எழுதியே வைக்கிறேன்.

கிளாட்வின் போனில் முகம் காட்டினான். பின்னால் மாடுகள். கடல்புரத்தில் பிறந்தவன் அங்கே ஏதோ மலைக் கிராமத்தில் பால் கறக்கிறான். அந்தக் கிராமத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறதாம். அங்கே தங்க அனுமதிக்கிற கார்டு இல்லாததால் இத்தனை வருஷம் ஊருக்கு வர முடியவில்லை. கார்டு கிடைத்தால் அவன் வேளாங்கண்ணிக்குச் செருப்பில்லாமல் நடப்பான் என்று நேர்ந்திருந்தேன். கிடைத்துவிட்டது. ஆகஸ்டில் எங்கள் ஊர் மாதா திருவிழாவுக்கு லீவும் போட்டிருக்கிறான்.

பெருமைக்குக் குளியலறை டைல்ஸைக் காட்டினேன்.

"அப்பா, நில்லுங்க. சோப்புக்கு அடியில என்னது?"

"நீ அனுப்புனதுதாம்ல. நல்லா நிக்கி."

முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தான். பிறகு சொன்னான். "அதக் கழுத்துல கட்டிக்கிட்டுத்தான் சந்தியாகப்பர் கோயிலுக்கு நடந்தேன். ஒரே மழை, ஷூவெல்லாம் நனைஞ்சு, ராத்திரி சத்திரத்துக் கட்டில்ல விழுந்தா எந்திரிக்க முடியல. வேளாங்கண்ணிக்குப் பதிலா இங்கயே ஒங்க நேர்ச்சய முடிச்சிட்டேன்னு நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்."

நம் ஊரில் புனித சந்தியாகப்பர் குதிரை மேல் வாளோடு இருப்பார். அந்த நாட்டில் அவர் கோயிலுக்கு நடக்கிறவர்கள் சிப்பி கட்டிக்கொள்வார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதவன் வாயை மூடிக்கொண்டாவது இருக்கலாம் அல்லவா?

"ஷூ போட்டுக்கிட்டு, ராத்திரி கட்டில்ல படுத்து நடந்ததெல்லாம் நேர்ச்சையாலே? அது டூரு. இங்கன வந்து ஒழுங்கா நட" என்றேன்.

"சரிப்பா" என்றான். கத்தியிருந்தால் தேவலை.

ஜூலை 16

வரவில்லையாம். தன்னோடு வேலை செய்கிறவனுக்கு லீவை விட்டுக்கொடுத்துவிட்டான். அம்மாவிடம் சொன்னான். என்னிடம் இல்லை.

சிப்பியைக் கழுவித் துடைத்தேன். சிலுவையில் பாதியைக் காணோம். நல்ல சோப்பு.

ஆகஸ்ட் 5

திருவிழா. அவனுக்கு எடுத்து வைத்த சட்டையை நான் போட்டுக்கொண்டு சப்பரம் பார்க்கப் போனேன். வயிற்றில் பொத்தான் பூட்டவில்லை.

ஆகஸ்ட் 12

சாப்பிடும்போது பிளாரன்ஸ் தலை நிமிராமல் கேட்டாள். "நேர்ந்தது நீங்க. வாய் ஒங்களது, காலு மட்டும் அவனோடதா?"

இரண்டாவது சோறு கேட்கவில்லை நான்.

ஆகஸ்ட் 25

வேளாங்கண்ணிக்கு நானே புறப்பட்டாயிற்று. காவி வேட்டி, வெறுங்கால், கழுத்தில் சிப்பி. துறைமுகத்தில் என்னிடம் ஐஸ் வாங்குகிற ரெக்சன்தான் துணை. "அண்ணாச்சி, வேம்பார் போறதுக்குள்ள நீங்களே கரைஞ்சிருவிய போலுக்கே" என்கிறான். பதில் சொல்ல மூச்சு வேண்டுமே.

ஆகஸ்ட் 27

குதிகால் பிளந்துவிட்டது. தார் ரோடு அடுப்பு மாதிரி. கீழவைப்பார் தாண்டி ஒரு டீக்கடை. கடைக்காரி சீனித்தாய் என் காலைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் செருப்பைக் கொண்டுவந்து போட்டாள்.

"நேர்ச்சைம்மா. போடக் கூடாது."

"இப்படியே போனா நீங்க சேருத எடம் கோயிலு இல்ல அண்ணாச்சி, ஆஸ்பத்திரி. போடுங்க. ஒங்க மாதாகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

போட்டுக்கொண்டேன். போட்டதும் என்ன சுகம்! அவன் மழையில் ஷூவோடு நடந்ததை நான் என்னவெல்லாம் சொன்னேன். சே.

செப்டம்பர் 2

கோயில் மண்டபத்தில் வயசாளிகளுக்குக் கட்டில் கொடுத்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டூர் நன்றாகப் போகிறது.

செப்டம்பர் 7

வேளாங்கண்ணி. கூட்டத்தில் ரெக்சன் கையைப் பிடித்துக்கொண்டு மாதாவைப் பார்த்தேன். கேட்க நினைத்ததெல்லாம் மறந்துவிட்டது.

வெளியே வந்து மணலில் உட்கார்ந்து கிளாட்வினுக்கு எழுதினேன். "மக்கா, நீ நடந்ததும் நடைதாம்ல." அழித்தேன். வேறு மாதிரி எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில் ரெக்சனைப் படம் எடுக்கச் சொன்னேன். வீங்கின கால், சீனித்தாய் வீட்டுச் செருப்பு, மடியில் பாதிச் சிலுவையோடு சிப்பி. அதை மட்டும் அனுப்பினேன்.

பார்த்துவிட்டான். நீலக் கோடு விழுந்தது.

செப்டம்பர் 8

விடிந்ததும் போனைப் பார்த்தேன். ஒரே ஒரு வரி.

"கட்டில் கிடைச்சுதாப்பா?"

"கிடைச்சுது" என்று எழுதினேன். அடுத்த லீவு எப்போது என்று கேட்க விரல் போனது. நான் கேட்கிற இடத்திலா இருக்கிறேன்? அவனும் சொல்லவில்லை.

பஸ் ஏறுமுன் கடைத்தெருவில் ஒரு சோப்பு டப்பா வாங்கினேன். பிளாஸ்டிக். சிப்பி கழுத்திலேயே இருக்கிறது.