துரையின் கறுப்பு நகங்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று எங்கள் நாய் துரை அத்தையின் காலைக் கிழித்துவிட்டான். வேண்டுமென்றே இல்லை. நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் வழக்கம்போல உடம்பையே வாலாக ஆட்டிக்கொண்டு பாய்ந்தான். வழவழத் தரையில் சறுக்கி, நாற்காலியில் இருந்த அத்தையின் முழங்காலுக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுத்துவிட்டான். வேறு யாருக்காவது என்றால் வெறும் கீறல். அத்தை ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். துணியை அழுத்த அழுத்த நனைந்துகொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப்போட்டு வந்தோம்.

"அவனத் திட்டாதடா, வாயில்லா ஜீவன்" என்றார் அத்தை, தன் மகனிடம். என் கணவர் அவனைத் திட்டவில்லை. என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

மார்ச் 5

நாய் டாக்டரிடம் போனோம். வாயைக் கட்டி, இரண்டு பேர் பிடித்தும் முடியவில்லை. துரை போட்ட அலறலில் வெளியே இருந்த பூனைகூடக் கூடைக்குள் ஒளிந்துகொண்டது. மேசையிலேயே சிறுநீர் போய்விட்டான்.

டாக்டரம்மா நிறுத்திவிட்டார். "இவ்ளோ பயப்படறவன அமுக்கிப் புடிச்சு வெட்டக்கூடாதும்மா. வீட்லயே பழக்குங்க. நகத்துக்குள்ள நரம்பும் ரத்தமும் ஓடுது. வெள்ளை நகம்னா வெளியவே தெரியும், இவனுக்கு எல்லாமே கறுப்பு. அதனால நுனிய மட்டும் சீவற மாதிரி எடுங்க. வெட்டின இடத்துல நடுவுல ஈரமா ஒரு புள்ளி தெரிஞ்சா, அதோட நிறுத்திடுங்க."

கேட்க எளிதாகத்தான் இருந்தது.

மார்ச் 6

இவருடைய ஆபீஸ் நண்பருக்கு ஊருக்கு வெளியே தோட்டம் இருக்கிறதாம். நாயைக் கொடுத்தால் வைத்துக்கொள்வாராம்.

"மாசக் கடைசி வரைக்கும் பாரு. அதுக்கப்புறம் என்கிட்ட எதுவும் கேக்காத."

கோபமாகச் சொல்லவில்லை. என் அம்மா காலாக இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 8, சனி

ரத்தம்.

நாள் முழுக்கத் துணி வெட்டுகிறவள் நான். அடுக்கி வைத்த துணியில் கோடு பிசகாமல் கத்தரி ஓட்டுகிற கை, ஒரு நகத்தில் பிசகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நகவெட்டியை அழுத்திவிட்டேன் — ஆமாம், மூடிக்கொண்டுதான், என்ன புத்தியோ எனக்கு! வீல் என்று கத்தினான். தரையெல்லாம் சிவப்புப் பூப்பூவாய்ப் பாதச்சுவடு.

"சோள மாவ அள்ளி நகத்துல வச்சு அமுக்கு! அழுதுக்கிட்டு நிக்காத!" — அத்தைதான், நாற்காலியிலிருந்தே. அமுக்கினேன். நின்றது.

துரை கட்டிலுக்கடியில் போய்விட்டான். கையை நீட்டினால் உறுமுகிறான். என்னைப் பார்த்து. என்னை!

மார்ச் 9

என் கையால் சாப்பிடவில்லை. அத்தை ஊட்டினால் சாப்பிடுகிறான்.

மார்ச் 15, சனி

நகவெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன். இப்போதைக்கு வெறும் தொடுதல். பாதத்தைத் தொட்டால் ஒரு துண்டு வேகவைத்த கோழி. இழுத்துக்கொண்டால் விட்டுவிடுகிறேன். மாசம் பாட்டுக்கு ஓடுகிறது, நான் பாதம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவசரப்பட்டால் காரியம் கெடும்; ஆற அமரச் செய்தால் நாள் போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் இடி.

மார்ச் 19

நகவெட்டியின் சத்தம் பழகட்டும் என்று அவன் பக்கத்தில் உட்கார்ந்து தீக்குச்சி வெட்டுகிறேன். "அடுப்புப் பத்த வைக்க ஒரு முழுக் குச்சி இல்ல இந்த வீட்ல" என்கிறார் இவர். சிரித்தாரா? சிரித்த மாதிரிதான் இருந்தது.

மார்ச் 22

ஒரு நகம்! அரிசி மணி அளவுதான் எடுத்தேன். மூச்சே விடவில்லை — நானும் அவனும். இன்னொரு சீவல். நடுவில் ஈரமாக, கருமையாக ஒரு புள்ளி. நிறுத்தினேன். கோழியை விழுங்கிவிட்டு மறுபடி என் முகத்தைப் பார்த்தான்.

மார்ச் 28

நண்பர் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறாராம். முன்னங்கால்களே இன்னும் முடியவில்லை. உள்பக்கம் தரையில் படாமல் தொங்கும் நகம் தேயவே தேயாது. வளைந்து கொக்கி மாதிரி நிற்கிறது. அத்தையைக் கிழித்தது அதுதான். அதைத் தொடவிட மாட்டேன் என்கிறான்.

மார்ச் 30, ஞாயிறு

வண்டிச் சத்தம் கேட்டபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கொக்கி நகம் என் விரலிடுக்கில். எழுந்தால் எல்லாம் போச்சு. எழவில்லை. அத்தை குனிந்து ஒவ்வொரு துண்டாகக் கோழியை நீட்டிக்கொண்டிருந்தார், கட்டு அவிழ்த்த காலைத் துரையின் முதுகை ஒட்டி வைத்துக்கொண்டு.

நண்பர் கயிற்றோடு வாசலில் நின்றார். "என்னப்பா, ரெடியா?"

இவர் எங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "சத்தம் போடாத. செருப்பக் கழட்டிட்டு உள்ள வா" என்றார்.

வெட்டினேன். துரை அசையவில்லை.

நண்பர் காபி குடித்தார். கயிற்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போகும்போது, "எங்க வீட்டு நாய்க்கும் நகம் இப்படித்தான் வளந்து கெடக்கு, எப்படி வெட்றீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பின்னங்கால்கள். இவர்தான் பிடித்துக்கொண்டார். பாதி வேலையில் துரை இவர் மடியிலேயே தூங்கிவிட்டான். இவர் தொடை மரத்துப்போய்விட்டதாம். இருந்தும் அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.