எம்.வி. தாழை: பணியாளர் இருவர்

9 மார்ச் 2067, 07:00

தார் எஸ் சலாமிலிருந்து தூத்துக்குடிக்கு. சரக்கு: முந்திரிக்கொட்டை, நானூற்றுப் பத்து கன்டெய்னர்கள். கடல் அமைதி. கரைக்கு இன்னும் இரண்டரை நாள்.

காலை அடையாளச் சோதனை முடிந்தது. விரல், கண், குரல். பணியாளர் இருவர், இருவரும் சரி. நான் பிளாவியா மச்சாது, இந்தக் கப்பலின் ஒரே அதிகாரி. மற்றவர் இன்ஜினியர் செய்யிது மீரான், காயல்பட்டினத்துக்காரர். கடலில் அவருக்கு முப்பத்தோராவது வருடம். அவர் ஊர் வழக்கப்படி காக்கா என்று கூப்பிடுகிறேன்; அண்ணன் என்று பொருள். இன்றும் அவர் விரலை இயந்திரம் மூன்றாவது முறைதான் ஏற்றது. கிரீஸில் தேய்ந்த ரேகை.

9 மார்ச், 15:20

இன்ஜின் அறையில் நீராவிக் குழாய் வெடித்துவிட்டது. காக்கா வால்வை அடைத்துவிட்டுப் பக்கத்துக் கண்காணிப்பு அறைக்குள் தவழ்ந்து போயிருக்கிறார். கதவு தானாக மூடிக்கொண்டது. கண்ணாடி வழியே பார்த்தேன். இரண்டு உள்ளங்கையும் வெந்திருக்கின்றன. முகம் வீங்கிக் கண் திறக்கவில்லை. உள்ளே தண்ணீரும் முதலுதவிப் பெட்டியும் உண்டு. தடவித் தடவிக் கட்டுப் போட்டுக்கொண்டார்.

கதவு திறக்க மறுக்கிறது. உள்ளே இருப்பவரின் விரல் பொருந்தவில்லை, கண் பொருந்தவில்லை. அடையாளம் தெரியாத ஒருவர் உள்ளே இருக்கும்போது அதிகாரி சொன்னாலும் திறக்கக் கூடாது என்பது விதி. மாலுமிகளின் முகத்தை அச்சாக வார்த்து அணிந்துகொண்டு ஒரு கூட்டம் மூன்று கப்பல்களைக் கடத்திய பிறகு வந்த விதி அது. பயிற்சியில் நானும் அதற்குக் கைதட்டினேன்.

9 மார்ச், 17:40

கரையிலுள்ள கட்டுப்பாட்டு அறையோடு பேசினேன். பணியில் இருந்தவர் பார்த்திபன் என்றார். நல்ல மனிதர்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"புரியுது மேடம். ஆனா என் ஸ்கிரீன்ல உள்ள இருக்கிறது யாரோ ஒருத்தர். அவருக்குப் புது அடையாளம் பதியணும்னா அவரே நேர்ல வரணும். என் மேலதிகாரிக்கும் இதே ஸ்கிரீன்தான்."

தீக்கோடரியால் கதவை வெட்டினேன். நான்கு பள்ளமும் கண்ணாடியில் ஒரு கீறலும் விழுந்தன. அவ்வளவுதான்.

10 மார்ச், 06:30

குரல் ஒன்றுதான் மிச்சம். ஒலிபெருக்கி கூப்பிட்டது: "செய்யிது மீரான், உங்கள் பெயரைச் சொல்லவும்." அவர் சொன்னார். நீராவி உள்ளே போய்த் தொண்டையும் வெந்திருக்கிறது, காற்றுதான் வந்தது. "பொருந்தவில்லை." கால் மணிக்கு ஒரு தடவை கூப்பிடுகிறது. ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்.

10 மார்ச், 13:05

கப்பல் திரும்பிவிட்டது. நான் திருப்பவில்லை.

காலை, மதியம் இரண்டு சோதனைக்கும் வராதவர் கடலில் விழுந்தவர் என்று கணக்கு. அவர் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட இடம் வரை நேற்றைய வழியிலேயே வட்டமடித்துக்கொண்டு போகிறோம். வழி நெடுக எழுபத்திரண்டு மணி நேரம் தேடும். அதுவரை சுக்கான் என் கைக்கு வராது. காலை வணக்கம் சொல்லும் அதே குரலில் கப்பல் எனக்கு அனுதாபமும் தெரிவித்தது.

10 மார்ச், 16:10

வட்டமடிக்கிறோம். விளக்குகள் எல்லாம் தண்ணீரைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. வெளி ஒலிபெருக்கி அவர் பெயரை ஆளில்லாத கடலைப் பார்த்துக் கூப்பிடுகிறது. கொஞ்சம் நிறுத்திப் பதிலுக்குக் காத்திருக்கிறது. மறுபடி கூப்பிடுகிறது.

இன்டர்காமில் அவர் காற்றுக் குரலில் கேட்டார்:

"அது யாரையம்மா தேடுது? நான் இங்கனதானே இருக்கேன்."

உங்களைத்தான் காக்கா என்றேன். பிறகு, கண்ணாடி வழியே தன்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். பார்த்தேன். நீங்கள்தான் என்று சொன்னேன். சொல்வதற்கு ஒரு நொடி தாமதமாகிவிட்டது. அந்த முகத்தில் எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை.

11 மார்ச், 08:15

காய்ச்சல். கட்டு பச்சையாக நனைந்திருக்கிறது. யாருடனோ பேசுகிறார். கூப்பிடும் பெயருக்கு இப்போது பதில் சொல்வதில்லை. "அவர் போயிட்டாரும்மா, வீட்டுக்குச் சொல்லிருங்க" என்றார். அவர் மனைவி ஜுலைகாவிடம் கரை ஏற்கனவே சொல்லிவிட்டதாம். ஊரில் இறந்தவருக்கான துஆவும் ஓதிவிட்டார்களாம்.

நான் உரக்கக் கத்தினேன். யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

11 மார்ச், 11:30

ஒரு வழி இருக்கிறது. விதியில் இருபத்தாறாம் பிரிவு. அதிகாரி தன் அடையாளத்தைத் தானே ரத்து செய்தால் கப்பல் கைவிடப்பட்டதாக ஆகும். வெளியேறுவதற்காக எல்லாக் கதவும் பத்து நிமிடம் திறக்கும். அதன்பின், எவரும் ஒளிந்திருக்கக் கூடாது என்று அறைகளில் கரியமில வாயு நிரம்பும். ரத்தானது திரும்ப வராது. இனி எந்தத் துறைமுகத்திலும் எனக்குப் பெயர் இல்லை.

பார்த்திபனிடம் சொன்னேன். "வேண்டாம் மேடம்" என்றார். பிறகு மெதுவாக, "சீக்கிரம் செய்யுங்க" என்றார்.

விரலை வைத்தேன். "பணியாளர்: பூஜ்யம்" என்றது.

11 மார்ச், 12:20. உயிர்காக்கும் படகு

கையடக்கக் கருவியில் எழுதுகிறேன். எட்டு நிமிடம் ஆயிற்று. அவர் கனமான மனிதர். ஏணியில் என் தோளில் போட்டு ஏற்றினேன். தோல் என் சட்டையோடு வந்தது. படகு இறங்கும்போதே பின்னால் வாயு சீறுவது கேட்டது.

வெயிலில் அவர் முகம் தளர்ந்தது. கடல் மணம் தெரிகிறது என்றார். யாரம்மா நீங்க என்றும் கேட்டார். பெயரைச் சொன்னேன். தலையாட்டினார். தண்ணீர் இரண்டு மடக்கு குடித்தார்.

11 மார்ச், 15:00

தாழை இன்னும் வட்டமடிக்கிறது. தன் அலையால் எங்களைத் தள்ளிவிட்டு எங்களைத் தாண்டிப் போகிறது. அதன் கணக்கில் நானும் காணாமல் போனவள்; இப்போது இரண்டு பெயரைக் கூப்பிடுகிறது. என் பெயரை அழகாக உச்சரிக்கிறது. பதில் சொல்லிவிடத் தோன்றுகிறது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

காக்காவின் தலை என் மடியில். தூங்குகிறார்.

11 மார்ச், 17:25

மீட்பு ட்ரோன் வந்து தலைக்கு மேல் நிற்கிறது. படகில் எத்தனை பேர் என்று கேட்டது. இரண்டு என்றேன்.

"உடல் வெப்பம் ஒருவருடையது மட்டும் தெரிகிறது. மீண்டும் எண்ணிச் சொல்லவும்."

இரண்டு என்றேன்.

அவர் கை குளிர்ந்து நெடுநேரம் ஆகிறது. எனக்குத் தெரியும். மூன்று மணிக்குத் தூங்குகிறார் என்று எழுதும்போதே தெரியும்.

"மீண்டும் எண்ணிச் சொல்லவும்."

செய்யிது மீரான், தகப்பனார் காதர் முகைதீன், காயல்பட்டினம். அவர்தான் இவர். நான் பார்த்தேன், அவர்தான். இதைக் கண்டெடுப்பவர் யாரானாலும் இரண்டு என்றே இருக்கட்டும், திருத்த வேண்டாம், அது மறுபடி கேட்கிறது, இரண்டு, இரண்டு பேர், இர