அறுந்த செருப்பு வார்

அன்பு மகளே,

நேற்று ஊரே பார்க்க, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு குனிந்து செருப்பு வாரை நோண்டினேன். அரசரான உன் தாத்தாவின் துக்கச் சடங்கில், மகன்களில் ஒருவனை அடுத்த அரசராக்க, நம் வழக்கப்படி ஊர்ப் பெரியவர்கள் பாய்ந்து பிடிக்கும் நேரம் அது. மகன்கள் இருபத்துமூன்று பேரும் கூட்டத்தில் நின்றோம். கை யார்மேல் விழுகிறதோ அவன்தான் அரசன்; ஒன்பது வாரம் தனி வீட்டில் அடைப்பு, பிறகு சாகும்வரை அரண்மனை. நீ இருக்கும் டுவாலா நகரத்துக்கு வந்து உன் கையால் சாப்பிட முடியாது.

ஒரு கை என்னை நோக்கி வந்தது. குனிந்தேன். அது பின்னால் நின்ற உன் சித்தப்பா தலோமின் தோளில் விழுந்தது.

"அண்ணே, விடச் சொல்லுண்ணே!" என்று அலறினான்.

"செருப்பு அறுந்ததுல அரியணையே போச்சேய்யா!" என்று ஊரார் என்னைக் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒன்பது வாரம் கழித்து, அரசனாக வெளியே வரும் தம்பிமுன் நான் குனிய வேண்டும்.

யாரிடமும் சொல்லாத ஒன்று, மகளே: அந்த வார் அறுந்திருக்கவேயில்லை.

உன் அப்பா